போனக்காவின் ஃபேக்ஸ் கட்டம்

காது கேட்காதவர்களுக்குப் போன் செய்வதுதான் அவளுடைய வேலை. முதல்முறை கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் சிரித்துவிடுவார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால், காது மெஷின் விற்கிற கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னபோது அவள் கணவரும் சிரித்தார்.

"காதுல வாங்காதவங்ககிட்டப் பேசறதுக்குச் சம்பளமா? அதைத்தான் வீட்டுல சும்மாவே பண்ணிட்டிருக்கியே!"

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் கடையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அது தொலைந்துபோய், 'போனக்கா' என்பது ஒட்டிக்கொண்டது.

கடை பெரியது இல்லை. முன்னால் ஒரு ஹால், நாலு நாற்காலி, அவளுடைய மேஜை. உள்ளே, தடித்த கதவு போட்ட சத்தம் புகாத அறை. அங்கே கடையின் முதலாளியான டாக்டரம்மா காதைச் சோதித்து மெஷின் பொருத்துவார். வெளியே வந்த பிறகு அந்த மனிதர்கள் போனக்காவின் பொறுப்பு. பேட்டரி மாற்றும் நாள், மெஷின் சுத்தம் செய்யும் நாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை, எல்லாவற்றுக்கும் அவள்தான் கூப்பிட வேண்டும். யார், எந்த மெஷின், எப்போது வாங்கினார், கடைசியாக எப்போது வந்தார் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில், கஸ்டமர் சாஃப்ட்வேரில் இருந்தது. ஆயிரத்து எண்ணூறு பேர். ஒவ்வொருவரையும் உள்ளே தட்டியவை அவள் விரல்கள்.

ஆனால் நம்பர் தெரிந்தால் மட்டும் காது கேட்காதவரைக் கூப்பிட்டுவிட முடியுமா? ஒருவருக்கு இரண்டு ரிங் விட்டுக் கட் செய்ய வேண்டும். அவர் மெஷினைக் கழற்றிவிட்டு, போனைக் காதுக்குப் பின்னால் எலும்போடு அழுத்திக்கொண்டு திரும்பக் கூப்பிடுவார். இன்னொரு அம்மாளிடம் எதிர்வீட்டுக்காரி வழியாகத்தான் பேச முடியும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மெஷின் போட்டிருப்பது அவர் மகளுக்கே தெரியாது. மகள் எடுத்தால், "ராங் நம்பர்ங்க" என்று வைத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒருநாள், கணவர் இறந்து மூன்று மாதமான ஒரு பெண்ணிடம், "சார் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த சோதனைக்குக் கூப்பிட்டபோது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. "போன தடவையும் கேட்டீங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் போனக்கா. மறுநாளிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

சாஃப்ட்வேரில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில்தான் முதலில் எழுதினாள். ஒரே வாரம். ஒரு பெரியவர் பில்லைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னம்மா இது? 'முன்கோபி, பார்த்துப் பேசு'ன்னு பில்லுல அடிச்சிருக்கு? யார் முன்கோபி? நானா முன்கோபி?"

அவர் போட்ட சத்தத்தில், உள்ளே சோதனையில் இருந்தவர் மெஷின் இல்லாமலே திரும்பிப் பார்த்தாராம். குறிப்பில் எழுதுவதெல்லாம் பில்லில் அச்சாகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரையில் வேறு இடம் தேடினாள். பெயர், விலாசம், கைபேசி, அதற்குக் கீழே ஒரு நீளமான கட்டம்: ஃபேக்ஸ். ஆயிரத்து எண்ணூறு பேரில் ஒருவருக்கும் ஃபேக்ஸ் கிடையாது. அது எந்த பில்லிலும் அச்சாகாது, யார் கண்ணிலும் படாது. அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக, மனிதர்களை எப்படி அணுகுவது என்பதை எல்லாம் அவள் அந்தக் கட்டத்தில்தான் எழுதிவந்தாள். டாக்டரம்மாவுக்கும் இது தெரியும். வீட்டுக்குப் போய்ச் சோதிக்க வேண்டியவர்களைப் பார்க்கப் போகும்போது, மாடிப்படி ஏறிக்கொண்டே டேப்லெட்டில் ஃபேக்ஸைப் படித்துவிட்டுத்தான் மணியை அழுத்துவார்.

மின்மினியின் அம்மா வந்தது எட்டு மாதத்துக்கு முன்னால்.

மின்மினி ஆறு வயதுப் பெண். இரண்டு காதிலும் மெஷின். சார்ஜ் ஏறியதும் பச்சையாக மினுக்கும் ரகம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள். அதனால் அந்தப் பெயர். கணக்கு அவளுடைய அப்பாவின் பெயரில், அப்பாவின் நம்பரில் இருந்தது. அன்று அம்மா மட்டும் வந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஹாலில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு மேஜைப் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, நாங்க வீடு மாறிட்டோம். நானும் பாப்பாவும் மட்டும். புது விலாசம் அவருக்குத் தெரியக்கூடாது. உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

போனக்கா மாவுக்கட்டைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அப்பாவின் கணக்கைத் திறந்தாள். விலாசக் கட்டத்தை மாற்றினால், 'உங்கள் விலாசம் இப்படி மாற்றப்பட்டது' என்று பதிவான நம்பருக்குத் தானாக ஒரு மெசேஜ் போகும். அது அப்பாவின் நம்பர். அதனால் விலாசத்தைத் தொடவில்லை. புது விலாசத்தையும் புது நம்பரையும் ஃபேக்ஸில் எழுதினாள்.

"காகிதத்துல எங்கயும் எழுதலம்மா. இதுக்குள்ள இருக்கு. பத்திரமா இருக்கும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான், பத்திரம், பிறகு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

*

பித்தப்பையில் கல் என்று போனக்காவுக்கு ஆபரேஷன் ஆனது. பதினொரு நாள் லீவு. திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது மாஸ்டர் வாசலில் நின்று பாடம் நடத்தினார்.

"வெயிட் தூக்காதே. மாடி ஏறாதே. வேகமா நடக்காதே. ரெண்டாவது கியர் போதும், புரியுதா?"

கடைக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா ஒரு கடிதத்தை நீட்டினார். மெஷின் செய்கிற கம்பெனி அன்று காலை அனுப்பியது. ஒரு குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட சார்ஜர் பெட்டிகள் அதிகமாகச் சூடாகின்றன. ஒரு வீட்டில் மேஜை விரிப்பு கருகியிருக்கிறது. உடனே உபயோகத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும், புதுப் பெட்டி இலவசம்.

"நம்ம கடையில இருபத்து மூணு பேர் வாங்கியிருக்காங்க. எல்லாருக்கும் மெசேஜ் தட்டிவிட்டுடலாமா?"

"இவங்கள்ல மெசேஜ் படிக்கறவங்க ஏழு பேர்தான் மேடம். நான் கூப்பிடறேன்."

பட்டியலைத் திறந்தாள். முதல் பெயர், விலாசம், கைபேசி. அதற்குக் கீழே நேராக ஈமெயில். நடுவில் ஃபேக்ஸ் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைத் திறந்தாள். அதிலும் இல்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் சுருக்கென்றது.

"மேடம், ஃபேக்ஸ் எங்கே?"

"அதுவா? நீங்க லீவு போட்ட மறுநாள் என் கொழுந்தன் வந்து சாஃப்ட்வேரைப் புதுசாக்கினான். ஏதோ வேண்டாததை எல்லாம் எடுத்தேன்னு சொன்னான்." சொல்லிக்கொண்டே வந்த டாக்டரம்மாவின் குரல் பாதியில் இறங்கியது. "ஐயையோ. ஃபேக்ஸையுமா?"

வேறு நாளாக இருந்தால் போனக்காவுக்கு அழுகை வந்திருக்கும். ஆனால் சார்ஜர் சூடாகிக்கொண்டிருக்கிறதே! போனை எடுத்தாள். நினைவிலிருந்தே ஆரம்பித்தாள். இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தாள். எதிர்வீட்டுக்காரியைப் பிடித்தாள். நீதிபதியின் மகள் எடுத்தபோது ராங் நம்பர் என்று வைத்துவிட்டு, அவர் நடக்கப் போகும் பூங்காவின் காவலாளியைப் பிடித்தாள். முன்கோபிப் பெரியவருக்கு மட்டும் ஆறு நிமிஷம் ஆனது.

"பெட்டி சூடாகுதுங்க! சூடு! யூஸ் பண்ணாதீங்க!"

"எனக்கென்னம்மா சூடு? நான் எப்பவும் போல சாந்தமாத்தான் இருக்கேன்!"

பன்னிரண்டு மணிக்குள் இருபத்திரண்டு பேர் முடிந்தது. இருபத்து மூன்றாவது, மின்மினி.

அந்த விலாசம் அவளுக்கு நினைவில்லை. ஒரே ஒருமுறை, எட்டு மாதத்துக்கு முன்னால் தட்டியது. அதன் பிறகு அந்த அம்மா தானாகவே சுத்தம் செய்யவும் சோதனைக்கும் வந்துகொண்டிருந்ததால் திறந்து பார்க்கவே இல்லை. ஏதோ ஒரு கடைக்கு மேலே, மாடி. அவ்வளவுதான். எந்தக் கடை? எந்தத் தெரு? கண்ணை மூடி மூடித் திறந்தாள். பச்சையாக மினுக்கும் இரண்டு விளக்கும், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியும்தான் தெரிந்தன.

கொழுந்தன் மதியம் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது, தலையில் முடி போனாலும் சீப்பைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஆள். அவருக்கு இந்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் பார்ப்பது உபரி வேலைதான், அண்ணிக்காகச் செய்வது.

"ஃபேக்ஸை எவன் அண்ணி இப்ப யூஸ் பண்றான்? காலியாத்தான் இருக்கும்னு உள்ளே பாக்காமலே எடுத்துட்டேன்."

"உள்ளே ஆயிரத்து எண்ணூறு பேர் இருந்தாங்க தம்பி" என்றாள் போனக்கா.

அவர் சீப்பை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். "சரிக்கா, பதறாதீங்க. தினமும் பேக்கப் ஓடுது. பழையதைத் திறந்து எடுத்துடலாம்."

திறந்தார். தினசரிப் பிரதிகள் ஏழு இருந்தன. எட்டாவது நாள் முதல் நாளின் மேலேயே எழுதப்படும். ஃபேக்ஸ் போய்ப் பத்து நாள் ஆகிறது. ஏழு பிரதியிலும் பெயர், விலாசம், கைபேசி, ஈமெயில் எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருந்தன. ஃபேக்ஸ் மட்டும் எதிலும் இல்லை.

அப்போது போனக்காவின் முகம் மலர்ந்தது. எழுந்தே நின்றுவிட்டாள்.

"என் வீட்டுல இருக்கு!"

இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், கடையில் தீப்பிடித்தாலும் ஒரு பிரதி வெளியே இருக்கட்டும் என்று டாக்டரம்மா ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அதில் பிரதி எடுத்துக்கொண்டுபோய் வீட்டு பீரோவில் வைப்பது போனக்காவின் பொறுப்பு. காய்ச்சலிலும் தவறியதில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுபோவாள். கல்யாண ஆல்பத்துக்குக் கீழே, பூந்துவாலையில் சுற்றி வைத்திருப்பாள். "எனக்கு ஒரு துவாலை குடுத்ததில்லை, அதுக்குப் பூந்துவாலையா?" என்று மாஸ்டர் கேட்டதுண்டு.

அவருக்குப் போன் போனது. அரைமணியில் 'பழகுநர்' பலகை கட்டிய காரில், துவாலையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

கொழுந்தன் டிஸ்க்கைச் செருகினார். எழுபத்திரண்டு கோப்புகள், மாதத்துக்கு ஒன்றாக, தேதி போட்டு வரிசையாக. போனக்காவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் ஒன்றைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். பிறகு நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார்.

"அக்கா, இதை எப்படிக் காப்பி பண்ணுவீங்க?"

"திரையில சாஃப்ட்வேர் படம் இருக்கில்ல, அதைப் பிடிச்சு இழுத்து இந்த டிஸ்க் மேல போடுவேன். காப்பி ஆயிடுச்சுன்னு வரும்."

"ஆகும்க்கா. அந்தப் படம்தான் காப்பி ஆகும்." திரையில் ஒரு கோப்பைத் தொட்டுக் காட்டினார். "அது வீடு இல்லக்கா. வீடு எங்க இருக்குன்னு எழுதின துண்டுச் சீட்டு. ஆறு வருஷமா நீங்க கொண்டுபோனது எழுபத்திரண்டு துண்டுச் சீட்டு."

ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காது கேட்காது. நல்லவேளை. போனக்கா துவாலையை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எழுபத்திரண்டு தடவை பஸ்ஸில் அவள் மடியில் இருந்தது எது? நெரிசலில் யாராவது இடித்தால், "பாத்து, பாத்து" என்று அவள் கத்தியது எதற்காக?

"ஒருதடவைகூடத் திறந்து பாக்கலியே தம்பி நான்" என்றாள்.

"நானும் பாக்கலக்கா. பாக்க வேண்டியவன் நான்தான்."

டாக்டரம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோபக்காரர் இல்லை. ஆனால் அன்று அவர் உதடு வெளுத்திருந்தது.

"சரி. அப்பா நம்பர் இருக்கில்ல? அவருக்குச் சொல்லிடலாம்."

"வேண்டாம் மேடம். அவருக்கு அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது. பொண்டாட்டி புள்ள இன்னமும் இந்தக் கடைக்குத்தான் வந்துபோறாங்கன்னு நாமளே காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். நாளையிலேருந்து வாசல்ல வந்து நிப்பார்."

"ஒருவேளை அவருக்கு விலாசம் தெரிஞ்சிருந்தா? அந்தக் குழந்தை தலைமாட்டுல பெட்டி பத்திக்கிச்சுன்னா நாம என்ன பதில் சொல்றது? மெஷினைக் கழட்டிட்டா அதுக்குச் சத்தம்கூடக் கேக்காது." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. "நாலு மணி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள கிடைக்கலைன்னா நான் அப்பாவைக் கூப்பிடுவேன். எனக்கு வேற வழி இல்ல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் போனக்காவுக்குத் தாங்கவில்லை. ஒரு பக்கம் நெருப்பு, இன்னொரு பக்கம் அந்த மாவுக்கட்டு.

மின்மினியின் அம்மாவைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் யோசித்தாள். ஏதோ ஒரு சலவைக்கூடத்தில் வேலை. ஊரில் இருக்கும் சலவைக்கூடங்களுக்குப் போன் போட்டாள். மூன்றில் அப்படி யாரும் இல்லை. நான்காவதில் எடுத்தவன், "வேலை நேரத்துல பர்சனல் கால் கிடையாது" என்று வைத்துவிட்டான்.

டாக்டரம்மா ஒரு முறையாவது அந்த வீட்டுக்குப் போயிருந்தால் தெருவாவது தெரிந்திருக்கும். போனதில்லை. வீட்டுக்குப் போகும்போதுதானே டேப்லெட்டை...

போனக்கா நிமிர்ந்தாள்.

"மேடம், அந்த டேப்லெட் எங்கே?"

"கீழே விழுந்து உடைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே. டிராயர்ல கிடக்கு. எதுக்கு?"

கொழுந்தன் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் சீப்பு கீழே விழுந்தது. "ரெண்டு மாசமா நெட்ல சேரலையா? அண்ணி, அதைத் தொடாதீங்க! ஆன் பண்ணிடாதீங்க!"

விஷயம் இதுதான். நெட் கிடைக்காத வீடுகளிலும் பார்க்கட்டும் என்று, டேப்லெட் எல்லா விவரத்தையும் தனக்குள் ஒரு பிரதி வைத்திருக்கும். ஃபேக்ஸும் அதில் இருக்கும். ஆனால் நெட்டைத் தொட்ட மறுநொடி, தலைமைக் கம்ப்யூட்டரில் எது இல்லையோ அதைத் தன்னிடமும் அழித்துக்கொள்ளும். திரையின் மேலிருந்து விரலால் இழுத்து நெட்டை நிறுத்தலாம் என்றால், உடைந்த திரையில் மேல்பகுதி விரலுக்கு அசையாது. கடையின் வைஃபையை அது பார்த்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். வைஃபையை நிறுத்தவும் முடியாது. உள்ளே ஒருவருக்கு, அதே வைஃபையில், மெஷின் பொருத்தும் வேலை பாதியில் இருந்தது.

"வெளியே கொண்டுபோய்த்தான் திறக்கணும். சார்ஜும் இல்ல. பழைய பின் வேற. இந்தக் கேபிள் இப்ப யார்கிட்ட இருக்கும்?"

"எங்க வீட்டுக்காரர் கார்ல இருக்கு. பத்து வருஷமா அதே போன்" என்றாள் போனக்கா. மாஸ்டரின் கஞ்சத்தனத்தை அவள் பெருமையாகச் சொன்னது அன்றுதான்.

இரண்டு தெரு தள்ளி, மரத்தடியில் கார் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு பல் டாக்டர். மூன்று முறை டெஸ்டில் தோற்றவர்.

"டாக்டர், இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க. வண்டியும் நகரக்கூடாது" என்றார் மாஸ்டர்.

"நகராம இருந்தா நான் நல்லாவே ஓட்டுவேன் மாஸ்டர்" என்றார் பல் டாக்டர், மனநிறைவோடு.

பின் சீட்டில் போனக்காவும் கொழுந்தனும். மடியில் டேப்லெட். கேபிள் ஏறியது. பத்து நிமிஷத்தில் ஆறு சதவீதம். ஆன் செய்யும் பட்டனில் விரல் வைத்த போனக்காவின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார் கொழுந்தன்.

"இருங்க, இருங்க! இதுக்கு முதல்ல நெட் குடுத்து செட் பண்ணினதே என் போன்லேருந்துதான்!" சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். காலையிலிருந்து ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருந்தது. போனையே அணைத்துவிட்டுக் கைக்குட்டையால் தலையைத் துடைத்தார்.

திரை எரிந்தது. குறுக்கே மின்னல் மாதிரி ஒரு விரிசல். சாஃப்ட்வேர் திறந்தது. 'இணைப்பு இல்லை. சேமித்த விவரங்கள் காட்டப்படுகின்றன.'

தேடும் கட்டம் மேலே, செத்த பகுதியில் இருந்தது. பெயர் போட்டுத் தேட முடியாது. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் போக வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே, சின்ன எழுத்தில், ஃபேக்ஸ்.

'வலது காதில் போனை வைக்கச் சொல்.' 'கணவர் இல்லை. கேட்காதே.' 'மழை பெய்தால் அழுவார், அன்று கூப்பிடாதே.' 'பேத்தி பெயரைச் சொன்னால் வருவார்.' 'இறந்துவிட்டார். மெஷினைத் திருப்பிக் கேட்காதே, மனைவி தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.'

கொழுந்தன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். "அக்கா, இதெல்லாம் நீங்க எழுதினதா?" என்றார்.

"பின்னே, ஃபேக்ஸ்லயா வந்துச்சு?"

முன் சீட்டில் மாஸ்டர் திரும்பவில்லை. ஆனால் கண்ணாடியில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி மூன்று இருபதுக்கு அந்தப் பெயர் வந்தது. அப்பாவின் பெயர். கீழே அவள் தட்டிய எழுத்து: 'அம்மாவும் பாப்பாவும் மட்டும். கண்ணாடிக் கடைக்கு மேல், மூன்றாம் மாடி, இடது கதவு. பெல் அடித்தால் உள்ளே விளக்கு எரியும், நீளமாக அழுத்து. அப்பாவிடம் சொல்லாதே.' தெருவின் பெயரும் நம்பரும் முழுசாக இருந்தன.

நம்பருக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டாக்டரம்மாவுக்குச் செய்தாள். "கிடைச்சிடுச்சு மேடம். அவரைக் கூப்பிடாதீங்க. நான் நேர்ல போறேன்."

"டாக்டர், நீங்க பின்னால வாங்க" என்றார் மாஸ்டர். பல் டாக்டர் இறங்கிய வேகத்தை அவர் ஒருநாளும் வண்டியில் காட்டியதில்லை.

*

கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படிகள். லிஃப்ட் கிடையாது. புதுச் சார்ஜர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போனக்கா ஏறினாள்.

"நான் போறேன், நீ ஏறாதே" என்றார் மாஸ்டர்.

"ஆம்பளைக் குரல் கேட்டா அவ கதவைத் திறக்க மாட்டா. நீங்க கீழயே நில்லுங்க."

முதல் மாடியில் நின்றாள். இரண்டாவது மாடியில் உட்கார்ந்தே விட்டாள். தையல் போட்ட இடம் இழுத்தது. சுவரைப் பிடித்து எழுந்து, மூன்றாவது மாடியில் இடது கதவு, பெல், நீளமாக அழுத்தினாள். கதவின் அடியில் ஒளி வந்து வந்து போனது.

சங்கிலி போட்டபடி கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஒரு கண். பிறகு சங்கிலி விழும் சத்தம்.

"அக்கா! நீங்களா? பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு இப்பதான் உள்ளே வந்தேன், போன் பையில கிடக்கு. என்னக்கா, மூச்சு இப்படி வாங்குது?"

"சார்ஜர்... சூடாகுதா?"

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஒரே அறை. கட்டில், பக்கத்தில் ஒரு ஸ்டூல், சுவரில் பள்ளிக்கூடத்துப் படம். தலையணைப் பக்கம் பெட்டி இல்லை. ஜன்னல் திட்டில், ஒரு எவர்சில்வர் தட்டின் நடுவில் இருந்தது. ஓரத்தில் வெள்ளை பழுப்பேறி, மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

"நாலு நாளா சுட்டுச்சு. துணி பக்கத்துல வேண்டாம்னு தட்டுல வெச்சு ஜன்னல்ல தள்ளிட்டேன். நான் முழிச்சிருக்கும்போதுதான் போடுவேன். கடைக்கு வரணும்னா இப்ப லீவு தரமாட்டேங்கறாங்க. ஏதாவது தப்புன்னா நீங்க கூப்பிட்டுச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." திரும்பிப் பார்த்தாள். "ஏன்க்கா அழறீங்க?"

மின்மினி கட்டிலிலிருந்து இறங்கி வந்து, புதுப் பெட்டியைத் திறந்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்தது. அதற்குமேல் அவளுக்கு இந்தப் பெரியவர்களிடம் வேலை இல்லை.

போனக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை.

"உன் விலாசம் பத்து நாளா எங்ககிட்ட இல்லம்மா. பத்திரமா இருக்கும்னு உன்கிட்டச் சொன்னேன், தொலைச்சுட்டேன். இன்னிக்குக் கிடைக்காம இருந்திருந்தா பாப்பாவோட அப்பா நம்பருக்குப் போன் போயிருக்கும்."

அந்தப் பெண் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். மாவுக்கட்டு இல்லாத, மெலிந்த மணிக்கட்டு.

"போகலையில்ல?"

"போகலை."

"அப்ப மறுபடி எழுதிக்கோங்க. இந்தத் தடவை உங்க தலையிலயும் கொஞ்சம் எழுதிக்கோங்க."

போனக்கா போகும்முன் கதவருகே நின்று, தெரு, கடை, மாடி, கதவு, நம்பர் என்று மூன்று முறை ஒப்பித்தாள். அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள்.

டேப்லெட்டைக் கொழுந்தன் வீட்டுக்குக் கொண்டுபோய், கேபிள் மாட்டி, இரண்டு நாளில் அதில் இருந்த ஃபேக்ஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடுத்தார். டேப்லெட் உடைந்த பிறகு எழுதிய நாற்பது சொச்சம் போனது போனதுதான். அவற்றைப் போனக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு மறுபடி எழுதினாள். பிறகு கொழுந்தன் அவளுடைய மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இதுக்குன்னு தனிக் கட்டம் போட்டுடறேன். நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க."

"ஃபேக்ஸ்னே இருக்கட்டும் தம்பி."

"ஏன்க்கா?"

"அந்தப் பேர் இருந்தா எவனும் திறந்து பாக்க மாட்டான். நீங்களே பாக்கலையே!"

அவர் சிரித்துவிட்டு அப்படியே வைத்தார். அடியில், தனக்கு மட்டும் தெரிகிற இடத்தில், 'அழிக்காதே, அக்காவைக் கேள்' என்று எழுதிக்கொண்டார்.

கொழுந்தன் காட்டிய மாதிரி எடுத்த பிரதியோடு, ஹார்ட் டிஸ்க் இப்போதும் ஒன்றாம் தேதி பஸ்ஸில் போகிறது. பூந்துவாலை மாஸ்டரிடம் போய்விட்டது. ஆனால் கிளம்பும் முன்னால், கடையின் உள்ளறையில் எதோடும் இணைக்காமல் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகி, பிரதியைத் திறந்து, ஒரே ஒரு பெயரைப் போனக்கா எடுத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு மாதமும் அதே பெயர். கண்ணாடிக் கடை, மூன்றாம் மாடி, இடது கதவு, நீளமாக அழுத்து. திரையைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிவிட்டு, பார்த்து ஒருமுறை படிப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் டிஸ்க்கைக் கழற்றுவாள்.